சாப்பாடு, உடம்பு, மனசு: மதுரையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் 11 வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். முதலில் மாணவி வருவாள். அடுத்த வாரம் அவள் அம்மா வருவார். சில சமயம் பேருந்து பிடித்து அப்பத்தாவும் வந்துவிடுவார். மூன்று பேரும் கேட்பது சாப்பாட்டு நோய் (ஈட்டிங் டிஸ்ஆர்டர்) பற்றி, கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதியது இது. கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஒரு விஷயம். எடை இத்தனை கிலோ, கலோரி இத்தனை என்று எங்கேயும் எழுதவில்லை. வேண்டுமென்றேதான். இந்தச் சிக்கலில் இருக்கும் பிள்ளை படித்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

"சாப்பிடாம இருக்குறதெல்லாம் ஒரு வியாதியா மேடம்? நாங்க சோறு கிடைக்காம பட்டினி கெடந்தோம். இதுகளுக்கு இருந்தும் திங்க வலிக்குது."

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அப்பத்தா கேட்டது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிடிவாதக்காரப் பிள்ளை பசி தாங்காமல் ராத்திரி அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் துழாவும். இந்தப் பிள்ளை தட்டைப் பார்த்தாலே பயப்படும். பாம்பைக் கண்டால் வருகிற பயம் மாதிரி. திட்டினால் அந்தப் பயம் கூடும், குறையாது.

இது செல்போன் காலத்து நோயும் இல்லை. லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர் 1870களிலேயே இதற்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர் வைத்துவிட்டார். மனநோய்களில் உயிரிழப்பு அதிகமாக உள்ள நோய்களில் இது ஒன்று. உடம்பு கெட்டும் உயிர் போகலாம், மனம் உடைந்தும் போகலாம்; இரண்டு பக்கமும் ஆபத்து. ஆகவே "தானா சரியாயிடும்" என்று விடக்கூடாது.

"என்னென்ன வகை இருக்கு? எம்மகளுக்கு இருக்குறது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பெயர் வைப்பது மருத்துவர் வேலை. இருந்தாலும் தெரிந்து வைத்திருங்கள். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய், உடம்பு எலும்பும் தோலுமாக ஆன பிறகும் குண்டாக இருப்பதாகவே நினைப்பது அனோரெக்சியா. அள்ளி அள்ளிச் சாப்பிட்டுவிட்டு அதை ஈடுகட்ட வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி, ஓயாத உடற்பயிற்சி என்று இறங்குவது புலிமியா. இதை ஜெரால்ட் ரஸ்ஸல் தனி நோயாக விவரித்தது 1979இல்தான். ஈடுகட்டுவது எதுவும் இல்லாமல், கட்டுப்பாடு கைநழுவிச் சாப்பிடுவது மட்டும் என்றால் பிஞ்ச் ஈட்டிங். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அது 2013இல் தனி நோயாகச் சேர்ந்தது. அப்போதே ஆர்ஃபிட் என்று ஒன்றும் சேர்ந்தது. உடம்பு பற்றிய கவலையே இருக்காது. வழவழப்பு பிடிக்காது, வாசனை ஆகாது, தொண்டையில் சிக்கிவிடும் என்று பயம். குழந்தைகளிடம் பார்க்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது வேறு. கத்திரி வெயிலிலும் குளிர்கிறது என்று ஃபேனை அணைப்பது. மாதவிலக்கு தள்ளிப்போவது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது. எல்லோருக்கும் ஆசையாகச் சமைத்துப் போட்டுவிட்டு "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்பது. சாப்பிட்ட கையோடு குளியலறைக் கதவு சாத்தப்படுவது. அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்குத் தாடையோரம் இரண்டு பக்கமும் வீங்கும். பொன்னுக்கு வீங்கி என்று நினைத்துத் தங்கச் சங்கிலி போட்டுவிட்ட ஒரு வீடு எனக்குத் தெரியும். மூன்று தடவை "பொன்னுக்கு வீங்கி" வந்த பிறகுதான் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது.

"அவ நல்லா பூசுனாப்லதானே இருக்கா? ஒல்லியா இருந்தாத்தான இந்த நோய்?"

இல்லை. புலிமியாவிலும் பிஞ்ச் ஈட்டிங்கிலும் இருக்கும் பலருக்கு எடை சாதாரணமாகவோ கூடுதலாகவோதான் இருக்கும். பருமனாக இருந்த பிள்ளை மளமளவென்று இளைத்தால் அது இன்னும் மோசம். ஊரே பாராட்டும். என்னிடம் வந்த ஒரு மாணவியை ஒரு மருத்துவமனையில் "நல்லாத்தானே இருக்கு பிள்ளை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறு இடத்தில் ஈசிஜி எடுத்தபோது இதயத் துடிப்பு பயமுறுத்தும் அளவுக்கு மெதுவாக இருந்தது. கண் பார்வைக்குத் தெரிவதை நம்பாதீர்கள்.

"விரதம் இருந்தாக்கூட தப்புன்னு சொல்வீங்க போல?"

சஷ்டியோ ஏகாதசியோ ரமலானோ தவக்காலமோ, விரதத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. முடிந்ததும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தச் சாப்பாட்டில் சந்தோஷம் இருக்கும். இந்த நோயில் முடிவு இல்லை. செவ்வாய், வெள்ளி என்று ஆரம்பித்த ஒரு பிள்ளைக்கு நாலு மாதத்தில் வாரம் ஏழு நாளும் சாமிக்கே போய்விட்டது. வீட்டில் பக்தி கூடிவிட்டதென்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிகிச்சை நடக்கும்போது விரதம் வேண்டாம். நோயாளிக்கு எந்த மதத்திலும் விலக்கு இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் உங்கள் குருக்களிடமோ ஹஜ்ரத்திடமோ ஃபாதரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வாயால் கேட்டால் பிள்ளைக்கும் குற்ற உணர்ச்சி குறையும்.

"குண்டாயிடுவேன்னு அவ ஒரு நாளும் சொன்னதில்ல. வயிறு உப்புது, பசிக்கலன்னுதான் சொல்றா. தொக்கம் எடுத்தும் பாத்தாச்சு, இடுமருந்து எடுத்தும் பாத்தாச்சு."

முதலில், அவள் பொய் சொல்லவில்லை. பல நாள் அரைவயிறாகக் கிடந்தால் இரைப்பை மெதுவாகிவிடும். நாலு வாய் சாப்பிட்டதுமே கல் வைத்தாற்போல இருக்கும். சாப்பிடாததால் உப்புசம், உப்புசத்தால் சாப்பாடு வேண்டாம் என்று சுற்றிச் சுற்றி வரும். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990களில் இதைத்தான் எழுதினார்: அவர் பார்த்த அனோரெக்சியா நோயாளிகளில் பலர் குண்டாகிவிடுவேன் என்ற பயத்தைச் சொல்லவே இல்லை, வயிறு நிறைந்தாற்போல இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். நம் ஊரிலும் அந்தப் பேச்சுதான் அதிகம். அதற்காக எல்லா உப்புசமும் இந்த நோய் என்றும் இல்லை. காசநோய், தைராய்டு, சர்க்கரை, குடல் கோளாறு எல்லாவற்றிலும் உடம்பு இளைக்கும். அவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும்.

தொக்கம் எடுப்பவர் தொண்டையைத் தடவி எதையோ எடுத்துக் காட்டுகிறார், வீட்டுக்காரர்களுக்கு ஒரு நிம்மதி. யாரோ சாப்பாட்டில் வைத்துவிட்டதாக நம்பும் இடுமருந்தை எடுக்கிறேன் என்று கசப்பாக எதையோ குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதுதான் விபரீதம். ஏற்கெனவே பட்டினியிலும் வாந்தியிலும் பொட்டாசியம் இறங்கிப்போன உடம்பில் இன்னொரு பெரிய வாந்தி இதயத்தையே தடுமாற வைக்கும். போதாததற்கு "யாரு மருந்து வச்சது" என்று மாமியார், மதினி மேலெல்லாம் பழி விழுந்து வீடு இரண்டாகும். பாண்டி கோயிலில் கயிறு கட்டுங்கள், திருநீறு போடுங்கள், நானே கூட வருகிறேன். வாந்தி, பேதி வரவைக்கும் எதுவும் வேண்டாம்.

"அப்போ எந்த டாக்டரைப் பாக்கணும்? வயித்து டாக்டரா, மனசு டாக்டரா?"

இரண்டு பேரும் வேண்டும். முதலில் பொது மருத்துவர். நாடித் துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை, தைராய்டு இவ்வளவும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மனநல மருத்துவர். அவரோடு சேர்ந்து வேலை செய்யும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். முடிந்தால் உணவியல் நிபுணர். நம் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு இராஜாஜி மருத்துவமனையில், இரண்டு பக்கமும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையென்றால் டெலி-மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள். 2022இல் தொடங்கிய அரசு சேவை, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

மயக்கம், நெஞ்சு படபடப்பு, எழுந்தால் கண் இருட்டுவது, வாந்தியில் ரத்தம், தண்ணீர்கூட உள்ளே நிற்காதது, சாக வேண்டும் என்ற பேச்சு: இதில் எது இருந்தாலும் சந்திப்பு தேதிக்குக் காத்திருக்காமல் 108.

"தெரபின்னா என்ன பண்ணுவாங்க? சும்மா பேசிக்கிட்டே இருக்குறதுக்கா அவ்வளவு தூரம் வரணும்?"

பேச்சு உண்டு, வீட்டுப்பாடமும் உண்டு. பெரியவர்களுக்கு நன்றாக ஆராய்ந்து பார்க்கப்பட்ட முறை சிபிடி-இ, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றும் சிகிச்சை. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கியது. எடை ரொம்பக் குறையாதவர்களுக்கு 20 வாரத்தில் 20 சந்திப்பு; குறைந்தவர்களுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. முதல் நாளே ஒரு நோட்டு போடச் சொல்வார்கள். நேரம், என்ன சாப்பிட்டாய், எங்கே, அப்போது மனசில் என்ன. ஒரு பக்கம் இப்படி இருக்கும் (பிள்ளையின் அனுமதியோடு, கொஞ்சம் மாற்றி): "காலை 7.30, டீ. மதியம் 1.10, கேண்டீன், தயிர்சாதம் பாதி. பக்கத்துல இருந்தவ 'டயட்டா?'ன்னா. மூடிட்டேன். ராத்திரி 10.40, ரூம், பிஸ்கட் பாக்கெட் முழுசும், மிக்சர், ரூம்மேட்டோட அதிரசம். அழுகை."

அதிரசத்தைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 1.10க்கும் 10.40க்கும் நடுவில் ஒன்பதரை மணி நேரம் ஒன்றுமே இல்லை. அந்தப் பிள்ளை ஒரு வருடமாகத் தனக்கு மன உறுதி இல்லை என்று நினைத்து அழுதுகொண்டிருந்தாள். நோட்டைப் பார்த்த அன்றுதான் அது வெறும் பசி என்று அவளுக்கே தெரிந்தது. ஆகவே முதல் மருந்து நேரத்துக்குச் சாப்பாடு. மூன்று வேளை, நடுவில் இரண்டோ மூன்றோ சின்னத் தீனி, நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். காலை இட்லி, 11 மணிக்குச் சுண்டல், மதியம் சோறு, சாயங்காலம் ஒரு டம்ளர் பருத்திப்பால், ராத்திரி தோசை. பசித்தாலும் பசிக்காவிட்டாலும். பசி உணர்வு கெட்டுப்போயிருக்கும்போது அதை நம்பிச் சாப்பிட முடியாது.

அது பிடிபட்டதும் பயந்த உணவுகளின் பட்டியல். மதுரைப் பிள்ளைகளின் பட்டியலில் முதல் இடம் பெரும்பாலும் பரோட்டாவுக்குத்தான். தோழியோடு கடைக்குப் போய், சால்னா ஊற்றிப் பிய்த்து, சாப்பிட்டு, அதன் பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்பது ஒரு வார வீட்டுப்பாடம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அந்தப் பிள்ளைக்கு அது ஆற்றைக் கடப்பது மாதிரி. எடை வாரம் ஒரு தடவை, தெரபிஸ்ட் முன்னால் மட்டும். வீட்டு எடைமிஷினை பரணில் போட்டுவிடுவோம்.

"எம்பிள்ளைக்கு பதினாலு வயசு. அதுகிட்ட நோட்டெல்லாம் நடக்காது. பேச ஆரம்பிச்சாலே எந்திரிச்சுப் போயிருது."

சின்னப் பிள்ளைகளுக்கு வேறு வழி. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் தொடங்கிய குடும்பச் சிகிச்சை. இதில் சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச காலத்துக்கு அம்மா அப்பா கையில் எடுத்துக்கொள்வார்கள். என்ன, எவ்வளவு, எப்போது என்பது அவர்கள் முடிவு. எடை ஏறி, பிள்ளை எதிர்க்காமல் சாப்பிடத் தொடங்கியதும் மெல்லமெல்லப் பொறுப்பு பிள்ளையிடம் திரும்பும். கடைசியில்தான் மற்ற வளரிளம்பருவச் சங்கதிகள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும்.

நடைமுறையில் இது எப்படி என்றால், தட்டில் இட்லி இருக்கும். அம்மா எதிரே உட்கார்ந்திருப்பார். பிள்ளை இட்லியைப் பட்டாணி அளவுக்குப் பிய்க்கும், சாம்பாரை ஓரமாக ஒதுக்கும், அழும், "உன்ன வெறுக்குறேன்" என்று கத்தும். அம்மா கெஞ்சக் கூடாது, மிரட்டக் கூடாது, கணக்குப் பேரம் பேசக் கூடாது. "கஷ்டமாத்தான் இருக்கும்டா கண்ணு. அம்மா இங்கயே இருக்கேன். அடுத்த வாய்." அவ்வளவுதான் வசனம். முக்கால் மணி நேரம்கூட ஓடும். திருமங்கலத்து அம்மா ஒருவர் முதல் இரண்டு வாரம் பள்ளிக்கூடத்துக்கே போய் மதியச் சாப்பாட்டுக்குக் கூட உட்கார்ந்தார். கணவர் கடையைப் பத்து மணிக்குத் திறந்தார். அம்மா மட்டும் பாடுபட்டு அப்பா "விடு, ஒரு நாள் சாப்பிடாட்டி என்ன" என்றால் சிகிச்சை அங்கேயே முடிந்தது.

"ஒரு மாசமா ஒழுங்கா சாப்பிடல. ஆட்டுக்கால் சூப்பு, கறி, முட்டைன்னு ஒரேயடியா போட்டு ஏத்திரலாமா?"

கூடாது. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கும். இதயமும் மூச்சும் தடுமாறலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகள் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்ததைப் பார்த்துத்தான் மருத்துவ உலகத்துக்கே இது உறைத்தது. நன்றாக இளைத்துவிட்ட பிள்ளை என்றால் முதல் சில நாள் மருத்துவர் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனையோடு, படிப்படியாக. சில பேரை வார்டில் சேர்க்கவும் வேண்டியிருக்கும்.

"ஒரு மாத்திரை கொடுத்தா சரியாயிடாதா?"

அனோரெக்சியாவை மாத்திரை மட்டும் குணப்படுத்தாது. சாப்பாடுதான் அதற்கு மருந்து. புலிமியாவில் ஃப்ளூவாக்செட்டின் உதவும். மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதல் அளவில் தருவார்கள். கூட இருக்கும் மனச்சோர்வு, பதற்றத்துக்கும் மாத்திரை தேவைப்படலாம். மருத்துவரிடம் வாந்தி எடுக்கும் பழக்கத்தை மறைக்காதீர்கள். பூப்ரோபியான் என்ற மாத்திரை இவர்களுக்கு வலிப்பு வரவைக்கலாம் என்பதால் தரக்கூடாது. நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

"அக்கா, வாந்தி எடுத்துட்டா சாப்பிட்டது எல்லாம் போயிரும்ல?"

போகாது கண்ணு. நல்ல பங்கு அதற்குள் உள்ளே போயிருக்கும். பேதி மாத்திரையில் போவது வெறும் தண்ணீரும் உப்பும். தண்ணீர் குடித்ததும் எடை திரும்பிவிடும். ஆனால் அந்த உப்பில்தான் இதயம் ஓடுகிறது. அப்புறம் பல். வயிற்று அமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கும், போன எனாமல் திரும்ப வராது. வாந்தி வந்துவிட்டால் உடனே பல் தேய்க்காதே, அமிலத்தோடு சேர்த்துத் தேய்ப்பது இன்னும் கெடுதல். தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு விடு. பல் டாக்டரிடம் உண்மையைச் சொல். உன் பல்லின் உட்பக்கத்தைப் பார்த்தே அவருக்குப் பாதி தெரிந்திருக்கும்.

"எனக்கு நேர் எதிர். ஆரம்பிச்சா நிறுத்த முடியல. வாயைக் கட்டத் தெரியாதவன்னு வீட்டுல திட்டுறாங்க. எனக்கு டயட் சார்ட் கொடுங்க."

மேலே அந்த நோட்டுப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். உங்களுக்கும் முதலில் தேவை டயட் சார்ட் இல்லை, காலைச் சாப்பாடு.

இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். எல்லோரும் தாங்களாக வந்தவர்கள், மன உறுதி மிக்கவர்கள். நாளாக ஆக அவர்கள் பேச்செல்லாம் சாப்பாடு. சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்தபோது சிலர் வயிறு வலிக்க வலிக்கச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை. பட்டினி போட்ட எந்த உடம்பும் அப்படித்தான் செய்யும். வாயைக் கட்டினால்தான் வாய் அவிழும்.

"எல்லாம் இந்த போனால வந்ததுதானே?"

பங்கு உண்டு. முழுக் காரணம் இல்லை. ஃபிஜித் தீவில் ஒரு பகுதிக்கு 1995இல்தான் டிவி வந்தது. அப்போது பள்ளி மாணவிகளில் எடையைக் குறைக்க வாந்தி எடுப்பவர் ஒருவர்கூட இல்லை. மூன்று வருடத்தில் 100க்கு 11 பேர் என்று ஆன் பெக்கர் பதிவு செய்தார். ஆனால் போனை ஒளித்துவைத்து யாரும் குணமானதில்லை. பரம்பரை, சுபாவம், கேலி, வீட்டுப் பேச்சு, ஒரு டயட் என்று பல கயிறு முறுக்கித்தான் இது ஆகிறது.

"எம்மகன் ஜிம்மே கதின்னு கெடக்கான். ஆம்பளப் பயலுக்கும் இது வருமா?"

வரும். அவன் பயப்படுவது குண்டாவதற்கு இல்லை, நோஞ்சானாகத் தெரிவதற்கு. நல்ல கட்டுமஸ்தான உடம்பை வைத்துக்கொண்டு தொளதொளச் சட்டை போட்டு மறைப்பான். அக்கா கல்யாணத்துக்குக்கூட ஜிம் நேரத்தை விடமாட்டான். விருந்தில் இலை முன்னால் உட்காராமல் டப்பாவில் கொண்டுவந்த வெள்ளைக் கருவைச் சாப்பிடுவான். சதை ஏற ஸ்டீராய்டு ஊசி போடுகிறானா என்று கேளுங்கள், அடிப்பதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக. ஸ்டீராய்டு இதயத்தையும் விந்தணுவையும் கெடுக்கும். திடீரென்று நிறுத்தினால் மனம் பாதாளத்துக்குப் போகும். ஆகவே நிறுத்துவதும் மருத்துவர் துணையோடுதான். பையன்கள் என்னிடம் வருவது குறைவு. வந்தாலும் "தூக்கம் வரல மேடம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

"மாப்பிள்ளை வீட்டுல 'பொண்ணு கொஞ்சம் பருமன்'னுட்டாங்க. மூணு மாசத்துல குறைச்சாகணும். இப்பப் போயி தெரபி தெரபின்னா எப்படி?"

மூன்று மாதத்தில் குறைக்கச் சொல்லும் இடத்தில் பெண்ணைக் கொடுக்கலாமா என்பது என் வேலைக்கு வெளியே உள்ள கேள்வி. வேலைக்குள் இருப்பதைச் சொல்கிறேன்: நோய் இருக்கும்போது கெடு வைத்து எடை குறைத்தால் நோய்தான் வளரும். கல்யாணத்தைத் தள்ளிவையுங்கள்.

உடம்பு பற்றிய வேதனைக்குச் செய்யும் சிகிச்சை "நீ அழகுதான்" என்று நம்பவைப்பது இல்லை. நூறு பேர் சொன்னாலும் அது உள்ளே இறங்காது. ஒரு வட்டம் வரையச் சொல்வோம். உன்னை நீ எதையெல்லாம் வைத்து மதிக்கிறாயோ, அதற்கேற்பப் பங்கு போடு. ஒரு பெண்ணின் வட்டத்தில் முக்கால்வாசி உடம்பு. மீதிக் கீற்றில் படிப்பு, தங்கச்சி, ஓரமாக "கோலம்". சிகிச்சை என்பது அந்தக் கோலத்தின் பங்கை அகலப்படுத்துவது. இன்னொரு பக்கம், உடம்பைச் சோதிக்கும் பழக்கத்தை எண்ணிக் குறைப்பது. இடுப்பைக் கிள்ளிப் பார்ப்பது, கண்ணாடியில் பக்கவாட்டில் பார்ப்பது, பழைய சுடிதார் நுழைகிறதா என்று போட்டுப் பார்ப்பது. அந்தப் பெண் ஒரு நாள் எண்ணினாள்: 43 தடவை. அதிர்ந்துவிட்டாள்.

அதே பெண் விளக்குத்தூண் பக்கம் ஒரு தையல்கடைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்கப் போயிருக்கிறாள். டெய்லர் இஞ்ச் டேப்பை இழுத்து அளவைச் சத்தமாகச் சொல்ல, உதவிக்கு இருந்த பையன் திருப்பிச் சொல்லி நோட்டில் எழுத, பின்னால் நாலு பேர் நிற்க. அன்றிரவும் மறுநாளும் சாப்பாடு இல்லை. நாங்கள் கண்டுபிடித்த வழி ரொம்பச் சாதாரணம்: சரியாக இருக்கும் ஒரு அளவு ஜாக்கெட்டைப் பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவது. எல்லா வைத்தியமும் பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

"எனக்கு பிசிஓடி. டாக்டரே எடையைக் குறைன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. நீங்க டயட் கூடாதுங்கிறீங்க. யார் பேச்சக் கேக்குறது?"

நியாயமான கேள்வி, சுலபமான பதில் இல்லை. இரண்டு மருத்துவரையும் ஒருவரோடு ஒருவர் பேச வையுங்கள். மகப்பேறு மருத்துவரிடம் "எனக்குச் சாப்பாட்டு நோய் இருக்கிறது" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் நாங்கள் ஒப்புக்கொள்ளும் வரிசை இது: முதலில் பிஞ்ச், வாந்தி, பட்டினி நிற்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், ரசித்துச் செய்யும் நடை வரட்டும். அதிலேயே பிசிஓடிக்கு வேண்டியதில் பாதி வந்துவிடும். எடை பற்றிப் பிறகு பேசலாம். "சோறே தொடாதே" என்ற அறிவுரையை மட்டும் இப்போதைக்கு ஓரம் வையுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பிள்ளைகள் எடை குறைய ஊசியைத் தவிர்ப்பதும் உண்டு. அது தனி அவசரம். இன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டியது.

"நாங்க சரியா இருந்தாலும் சொந்தக்காரங்க வாயை எப்படி அடைக்கிறது?"

அடைக்க முடியாது. சித்திரைத் திருவிழாவுக்கு வந்த அத்தை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "என்னடி இப்படி வத்திப் போயிட்ட" என்பார். போன வருடம் "என்னடி இப்படி ஊதிட்ட" என்றவரும் அவர்தான். நம் ஊரில் அது நலம் விசாரிக்கும் முறை. கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் குணமாகி வரும் பிள்ளையின் காதில் "இப்பதான் சதை போட்டு நல்லா இருக்க" என்பது "குண்டாகிவிட்டாய்" என்றுதான் விழும். பாராட்டும் வேண்டாம்.

ஒரு அப்பா செய்தது எனக்குப் பிடித்தது. விசேஷத்துக்கு முன்னாடியே நெருங்கிய நாலு பேருக்குப் போன் போட்டு, "பிள்ளைக்கு வைத்தியம் நடக்குது. உடம்பைப் பத்தி, சாப்பாட்டைப் பத்தி ஒண்ணும் கேக்காதீங்க, படிப்பைப் பத்திக் கேளுங்க" என்று சொல்லிவிட்டார். மீறி வாய்விட்டவர்களைப் பேச்சை மாற்றி மைத்துனர் கவனித்துக்கொண்டார்.

"எவ்வளவு செலவாகும்? வெளிய தெரிஞ்சிருமா?"

அரசு மருத்துவமனையில் செலவு இல்லை, காத்திருப்பு உண்டு. தனியாரில் ஆளுக்கு ஆள் கட்டணம் மாறும்; முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு எண்ணையும் கேளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி, உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். ஆனால் பல பாலிசிகள் வார்டில் சேர்ந்தால்தான் பணம் தரும், வாராவாரம் வரும் தெரபிக்குத் தராது. ரகசியம் காப்பதும் அதே சட்டத்தில் நோயாளியின் உரிமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் மட்டுமே விலக்கு. கல்லூரிக்கோ மாமியார் வீட்டுக்கோ சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

"சரியான பிறகு திரும்ப வருமா?"

வரலாம். பரீட்சை, கல்யாணம், பிரசவம், ஒரு காய்ச்சலில் எதேச்சையாக இளைப்பது, இவையெல்லாம் வழுக்கும் இடங்கள். பலர் முழுசாகக் குணமாகிறார்கள். சிலருக்கு இரண்டு மூன்று சுற்று ஆகிறது. சீக்கிரம் பிடித்தால் சீக்கிரம் திரும்பலாம்.

அதனால் கடைசிச் சந்திப்புகளில் ஒரு தாள் எழுதச் சொல்வோம். மேலே சொன்ன அதிரசப் பிள்ளை எழுதியதை அவள் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள்: "ஒன்று, இட்லியை எண்ண ஆரம்பித்தால். இரண்டு, துப்பட்டாவால் வயிற்றை மறைக்க ஆரம்பித்தால். மூன்று, 'அப்பவே சாப்பிட்டேன்' என்று பொய் சொன்னால். இதில் ரெண்டு வந்தா அம்மாகிட்ட சொல்லணும். அம்மா திட்டக் கூடாது." கடைசி வரிக்குக் கீழே அம்மாவின் கையெழுத்து இருக்கிறது.